அமெரிக்காவுல செஞ்சா அனுபவம், போளூர்ல செஞ்சா வேஸ்ட்டா?

ஆடி மூணாம் வெள்ளி கூழ் ஊத்துறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து மச்சான் குடும்பத்தோட வந்திருந்தார். மச்சான்னா என் வீட்டுக்காரம்மாவோட தம்பி. நல்ல மனுஷன். என் பொண்ணு மேல அவருக்கு உயிர். அதனாலதான் அவர் சொன்னது எனக்கு இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு.

"படிச்ச பொண்ணு மாமா. ஒரு வருஷத்தை இப்படி வேஸ்ட் பண்ணிட்டீங்களே."

பெரியவ நைட் டூட்டி முடிச்சு வந்து உள்ளே தூங்கிட்டு இருந்தா. காதுல விழுந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

அரை மணி நேரம் கழிச்சு, திண்ணையில உட்கார்ந்து அதே மச்சான் அவங்க ஆபீஸ் மேனேஜர் பையன் கதையைச் சொன்னார். பையன் அமெரிக்காவுல பிறந்து வளர்ந்தவனாம். பயாலஜி டிகிரி முடிச்சிருக்கான். மருத்துவக் கல்லூரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் 'கேப் இயர்' எடுத்திருக்கானாம். அந்த வருஷத்துல ஆம்புலன்ஸ்ல வேலை பார்க்கிறானாம். "எவ்வளவு மெச்சூரிட்டி பாருங்க மாமா, அங்கெல்லாம் இப்படித்தான் அனுபவத்தோட போறாங்க"ன்னு சொன்னார்.

எனக்கு ஒரு நிமிஷம் சரியா காதுல விழுந்துதான்னு சந்தேகம் வந்துடுச்சு. என் பொண்ணு பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சவ. மருத்துவக் கல்லூரிக்குப் போகணும்னு நிக்கிறவ. இந்த வருஷம் 108 ஆம்புலன்ஸ்ல மருத்துவ உதவியாளரா வேலை பார்க்கிறவ. ரெண்டு பிள்ளைங்களும் செய்யறது ஒரே வேலை. அவன் செஞ்சா மெச்சூரிட்டி, இவ செஞ்சா வேஸ்ட்.

மச்சான்கிட்ட இதைக் கேட்டேன். "அது வேற மாமா"ன்னார். என்ன வேறன்னு அவருக்கும் சொல்லத் தெரியல. அதுக்குள்ள கூழ் ஊத்தக் கூப்பிட்டுட்டாங்க. அன்னிக்குச் சொல்ல முடியாததை இங்க எழுதறேன். இது மச்சானுக்கு மட்டும் எழுதறது இல்ல. "பையன் என்ன, ரிப்பீட்டா?"ன்னு கேட்கிற எல்லாருக்கும்தான்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். இந்த விஷயத்துல முதல் குற்றவாளி நான்தான்.

பெரியவ பிளஸ் டூ முடிச்சது 2020ல. கொரோனா வருஷம். நீட் தேர்வு தள்ளித் தள்ளி செப்டம்பர் 13ஆம் தேதி நடந்தது. கோச்சிங்னு ஒண்ணும் போகல. 720க்கு 198 வாங்கினா. அந்த வருஷம்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. எங்க பொண்ணு படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி. வாத்தியாருக்குச் சம்பளம் அரசாங்கம் தருது, பாடப்புத்தகம் அரசாங்கம் தருது, சைக்கிள் கூட அரசாங்கம் தந்ததுதான். ஆனா ஒதுக்கீடுன்னு வரும்போது மட்டும் அது அரசுப் பள்ளி கிடையாதாம். சரின்னு அரசுக் கலைக் கல்லூரியில விலங்கியல் சேர்ந்தா. மூணு வருஷமும் நல்லாப் படிச்சா.

2022ல நீட் எழுதறதுக்கு இருந்த வயசு வரம்பை எடுத்துட்டாங்க. 2023ல டிகிரி முடிஞ்சதும், "அப்பா, எனக்கு ஒரே ஒரு வருஷம் குடு. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்"னு கேட்டா. நான் சரின்னுட்டேன். அந்த ஒரு வருஷத்துல என்ன பண்ணணும்னு அவளைக் கேட்கல. மச்சானைக் கேட்டேன், பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டேன், உரக்கடைக்காரரைக் கூடக் கேட்டேன். எல்லாரும் ஒரே வாயா கோச்சிங் ஹாஸ்டல்னு சொன்னாங்க. கறவை மாடு ஒண்ணை வித்தேன். வீட்டுக்காரம்மா நகை அஞ்சு பவுனைச் சொசைட்டியில வச்சேன். ஹாஸ்டல் சாப்பாட்டோட சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் கட்டி 'ரிப்பீட்டர் பேட்ச்'ல சேர்த்துவிட்டேன்.

காலையில அஞ்சு மணிக்கு எழுப்புவாங்க. ராத்திரி பத்தரை வரைக்கும் படிப்பு. போனைச் சேர்ற அன்னிக்கே வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை டெஸ்ட், திங்கக்கிழமை மார்க் வாரியா இடம் மாத்தி உட்கார வைப்பாங்க. மாசத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம் பார்க்க விடுவாங்க. முதல் மாசம் போனப்போ நல்லா பேசினா. ரெண்டாவது மாசம் கேட்டதுக்குப் பதில் சொன்னா. மூணாவது மாசம் நான் வாங்கிட்டுப் போன அதிரசத்தைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தா. தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டியிருந்தது.

நமக்கெல்லாம் 2017 மறக்குமா? பிளஸ் டூவுல 1176 மார்க் வாங்கின அரியலூர் அனிதாவை இழந்த வருஷம். இன்னிக்கும் நீட் சமயத்துல பிள்ளைங்களுக்கு அரசாங்கமே 104 எண் மூலமா போன் போட்டு தைரியம் சொல்லுது. ஒரு பரீட்சைக்கு அப்படிச் செய்ய வேண்டியிருக்குன்னா அந்தப் பரீட்சை எப்படிப்பட்டதுன்னு நாம யோசிக்கணும். அன்னிக்குச் சாயந்திரமே பெட்டியை எடுத்துக்கிட்டு அவளைக் கூட்டிட்டு வந்துட்டேன். பணத்தைக் கேட்டதுக்கு, "சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்"னு பேப்பரைக் காட்டினாங்க. நான் படிக்காமப் போட்ட கையெழுத்து. மாடு போச்சு. பொண்ணு வந்துட்டா, அது போதும்னு இருந்தேன்.

அந்த நேரத்துலதான் 108க்கு ஆள் எடுக்கிற செய்தி பேப்பர்ல வந்தது. மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் படிச்சவங்க மட்டும் இல்ல, விலங்கியல், தாவரவியல், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல் மாதிரி டிகிரி படிச்சவங்களும் வரலாம். வயசு 19லேர்ந்து 30 வரைக்கும். டவுன்ல இருக்கிற நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. விலங்கியல் படிச்சா வாத்தியார் வேலை இல்லேன்னா சும்மா இருக்கணும்னுதான் நினைக்கிறாங்க. எழுத்துத் தேர்வு, நேர்முகம், அப்புறம் ஐம்பது நாள் பயிற்சி. பெரியவளே விண்ணப்பம் போட்டா, அவளே போய் வந்தா. சொந்தக்காரங்கதான் குதிச்சாங்க. "பொம்பளப் பிள்ளையை ராத்திரியில ஆம்புலன்ஸ்ல அனுப்பறதா?"ன்னு. பொம்பளைங்களுக்கு ராத்திரியில பிரசவ வலி வராதான்னு என் வீட்டுக்காரம்மா ஒரு கேள்வி கேட்டா. அதோட அடங்கினாங்க.

சம்பளம் பதினஞ்சாயிரத்துச் சொச்சம். பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. வண்டியில ரெண்டே பேர்தான், ஓட்டுறவர் ஒருத்தர், இவ ஒருத்தி. ஓட்டுறவரைப் பைலட்னு சொல்றாங்க. சென்னை கன்ட்ரோல் ரூம்லேர்ந்து அழைப்பு வந்தா கிளம்பணும். ஏதாவது சிக்கல்னா அங்க இருக்கிற டாக்டர் போன்ல சொல்லுவார், இவ செய்யணும்.

சேர்ந்து ரெண்டு மாசம் இருக்கும். ஜவ்வாது மலைப் பக்கத்துலேர்ந்து ஒரு பிரசவ கேஸ். ராத்திரி ரெண்டு மணி. மலை இறங்கறதுக்குள்ள பனிக்குடம் உடைஞ்சுடுச்சு. பைலட் வண்டியை ஓரங்கட்டி டார்ச் பிடிக்க, கூட வந்த மாமியார் அந்தப் பொண்ணு தலையைத் தாங்கிக்க, டாக்டர் போன்ல சொல்லச் சொல்ல இவ பிரசவம் பார்த்திருக்கா. ஆம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். காலையில வீட்டுக்கு வந்து கிணத்தடியில உட்கார்ந்து கையைக் கழுவிக்கிட்டே இருந்தா. "நஞ்சுக்கொடி படத்தை எத்தனை தடவை வரைஞ்சிருப்பேன்பா. அவ்வளவு கனமா இருக்கும்னு எந்தப் புத்தகத்துலயும் போடல"ன்னா.

எல்லா நாளும் அப்படி முடியாது. கழனியில கட்டுவிரியன் கடிச்ச ஒருத்தரை மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் ரெண்டு மணி நேரத்தை விட்டுட்டு, அப்புறமா 108ஐக் கூப்பிட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் மூச்சு இருந்தது. அன்னிக்கு அவ சாப்பிடல. மறுநாள் எங்க தெருவுல இருக்கிற நாலு வீட்டுக்கும் போய், பாம்பு கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிட்டு வந்தா. நானும் அந்த நாலு வீட்டுல ஒரு வீடு. அம்பது வயசுக்கு மேல என் பொண்ணுகிட்டதான் அதை நான் சரியாக் கத்துக்கிட்டேன்.

இதெல்லாம் கேட்டுட்டு நீங்க கேட்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். மார்க் வந்துதா?

வரல. மறைக்க ஒண்ணும் இல்ல. பதினஞ்சு நாள் சம்பளம் இல்லாம லீவு போட்டுப் படிச்சு, 2024 மே 5ஆம் தேதி எழுதினா. 412. நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா அரசு சீட்டுக்கு எட்டாது. தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீடுன்னா வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல. என் நிலத்தை மொத்தமா வித்தாலும் அஞ்சரை வருஷம் தாங்காது. ஹாஸ்டல்லயே இருந்திருந்தா அறுநூறு வாங்கியிருப்பாளா? வாங்கியிருக்கலாம். நான் இல்லேன்னு சொல்லல. அந்த மூணாவது மாசத்து முகத்தைப் பார்த்தவன் நான். அதனால எனக்கு வருத்தம் இல்ல. நீங்க பார்க்காததால உங்களுக்கு வேற மாதிரி தோணலாம்.

ஆனா அந்த 2024 பரீட்சை என்ன லட்சணத்துல நடந்ததுன்னும் சேர்த்துப் பேசணும் இல்லையா? சுமார் 24 லட்சம் பிள்ளைங்க விண்ணப்பம் போட்டாங்க. ஜூன் 4ஆம் தேதி ரிசல்ட் வந்தப்போ 67 பேர் 720க்கு 720. 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டு, அப்புறம் அதை எடுத்து, மறுதேர்வு வச்சாங்க. கேள்வித்தாள் வெளியான வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. எல்லாருக்கும் மறுபடி தேர்வு வைக்க வேண்டியதில்லைன்னு ஜூலை 23ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு பிள்ளையோட ஒரு வருஷம் முழுக்க இந்த ஒரே ஒரு பரீட்சையை மட்டும் நம்பி இருந்தா, அதுல ஏதாவது கோளாறு வந்தா அந்தப் பிள்ளை கையில மிச்சம் என்ன இருக்கும்? ஹாஸ்டல்ல இருந்த பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. என் பொண்ணு கையில ஒரு வேலை இருக்கு. சொசைட்டியில வச்ச நகையில பாதி அவ சம்பளத்துல மீட்டது. யாரை வேஸ்ட்னு சொல்றீங்க?

இப்போ அமெரிக்காவுக்கு வருவோம். சின்னவன் போன்ல தேடிப் படிச்சுக் காட்டினான். அங்க பிளஸ் டூ முடிச்சு நேரா மருத்துவம் சேர்றது வழக்கம் இல்ல. நாலு வருஷ டிகிரி முடிக்கணும், அப்புறம் ஒரு நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்முகம். மருத்துவக் கல்லூரி சேர்றவங்கள்ல பாதிக்கும் மேலானவங்க டிகிரிக்கு அப்புறம் ஒரு வருஷமாவது வெளியில இருந்துட்டுத்தான் சேர்றாங்க. ஆம்புலன்ஸ், டாக்டர் பக்கத்துல உட்கார்ந்து குறிப்பு எழுதற வேலை, ஆராய்ச்சிக்கூடம், முதியோர் இல்லம்னு போறாங்க. நோயாளிக்குப் பக்கத்துல இருந்திருக்கியான்னு அங்க கேட்கறாங்க. இங்க யாரும் கேட்கறது இல்ல. மச்சான் "அது வேற"ன்னு சொன்னதுக்கு இதுதான் சரியான அர்த்தம். அங்க அந்த வருஷத்துக்கு மதிப்பு உண்டு, இங்க நாலு தப்புக்கு நாலு மார்க் கழிக்கறதோட சரி.

அப்போ இங்கயும் நேர்முகம் வைக்கலாமான்னா, வேண்டவே வேண்டாம். நேர்முகம் வச்சு மருத்துவ சீட்டுக் கொடுத்த காலம் இங்கயும் இருந்தது. எங்க அப்பா தலைமுறையைக் கேளுங்க, சிபாரிசுக் கடிதத்தோட கதை நிறைய சொல்லுவாங்க. கோட்டு போட்டவன் பிள்ளைக்கு அனுபவச் சான்றிதழ் தானா வரும், என் பிள்ளைக்கு வராது. நான் கேட்கிறது அது இல்ல. நான் கேட்கிறது சின்ன விஷயம். அந்த வருஷத்தை நாலு சுவத்துக்குள்ள கழிச்சாத்தான் கணக்குன்னு நினைக்கறதை விடுங்கன்னு கேட்கிறேன்.

ஏன்னா இது ஒருத்தர் ரெண்டு பேர் கதை இல்ல. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு. நம்ம மாநிலத்துல எம்.பி.பி.எஸ். சேர்ந்தவங்கள்ல ஏற்கெனவே ஒரு வருஷமாவது காத்திருந்து வந்தவங்க 2016-17ல 100க்கு 12 பேர் வாக்குல. 2020-21ல 100க்கு 71 பேர். அதாவது கேப் இயர் நம்ம ஊருக்கும் வந்து ரொம்ப நாளாச்சு. நாமதான் அதுக்கு அந்தப் பேர் வைக்கல. இத்தனை ஆயிரம் பிள்ளைங்க, பதினெட்டு வயசும் இருபத்தொரு வயசுமா, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஒரு நோயாளி முகத்தைக் கூடப் பார்க்காம, டாக்டர் ஆகறதுக்குத் தயார் ஆகறாங்க. இது நமக்கு விசித்திரமாத் தெரியலேன்னா அதுதான் விசித்திரம்.

பெரியவ கூடப் பயிற்சி எடுத்த ஒரு பொண்ணு, அதுவும் டாக்டர் கனவோட இருந்த பொண்ணுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன நாலாவது நாள், காயத்துக்குத் தையல் போடறதைப் பார்த்து மயங்கி விழுந்துட்டா. ரெண்டு வாரம் முயற்சி பண்ணிப் பார்த்துட்டு, "எனக்குப் பாடம்தான் பிடிக்குது, இது பிடிக்கல"ன்னு வீட்டுல தைரியமாச் சொல்லிட்டா. இப்போ பி.எட். படிக்கிறா. அவ வருஷமும் வேஸ்ட் இல்ல. அஞ்சரை வருஷமும் அப்பன் சொத்தும் போனதுக்கு அப்புறம் தெரிய வேண்டியது, பதினஞ்சு நாள்ல தெரிஞ்சுது.

கூழுக்கு வந்த அன்னிக்கு மச்சான் இன்னொண்ணும் கேட்டார். கீழ்க்கழனியில தக்கைப்பூண்டு இடுப்பு உயரம் நின்னுது. "என்ன மாமா, கழனியைச் சும்மா போட்டு களை மண்டிக் கிடக்குது"ன்னார். அது களை இல்ல மாப்ளே, விதைச்சதுன்னேன். பூ எடுக்கும்போது, நாப்பத்தஞ்சு நாள்ல, மடக்கி உழுவோம். அடுத்து வர்ற சம்பாவுக்கு அதுதான் உரம். ஒரு மூட்டை கூட வீட்டுக்கு வராது. மெட்ராஸ்லேர்ந்து வர்றவங்களுக்கு அது சும்மா கிடக்கிற நிலமாத்தான் தெரியும். எனக்கு மச்சான் மேல கோவம் இல்ல. தெரியலேன்னா கேட்கலாம், களைன்னு முடிவு கட்டக் கூடாது.

அதனால பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட சொல்றேன். உங்க வீட்டுப் பிள்ளை பயாலஜி படிச்சுட்டு ஒரு வருஷம் வேணும்னு கேட்டா, முதல்ல அந்தப் பிள்ளையைக் கேளுங்க, கோச்சிங்காரனை அப்புறம் கேட்கலாம். கோச்சிங்தான் சரின்னு பட்டா சேருங்க, நான் தடுக்கல. ஆனா பணம் கட்டறதுக்கு முன்னாடி, வாசல்ல போட்டோ போட்டு ஒட்டியிருக்காங்களே, அந்தப் பிள்ளைங்கள்ல எத்தனை பேர் முதல் வருஷம், எத்தனை பேர் மூணாவது வருஷம்னு கேளுங்க. நடுவுல நின்னா எவ்வளவு திரும்ப வரும்னு எழுதி வாங்குங்க. வாரத்துக்கு ஒரு தடவை பிள்ளைகிட்ட பேச விடலேன்னா அங்க சேர்க்காதீங்க. நான் கேட்காமப் போட்ட கையெழுத்துக்கு விலை ஒரு மாடு.

வீட்டுல இருந்து படிக்கிற பிள்ளைக்கும் வெளி வேலை ஒண்ணு இருக்கட்டும். எங்க பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் சாயந்திரம் இல்லம் தேடிக் கல்வியில பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டே படிச்சான். ஒருத்தன் ரத்தப் பரிசோதனைக் கூடத்துல பதிவு எழுதற வேலை பார்த்தான். வீட்டுல படுத்த படுக்கையா இருக்கிற பாட்டியைப் பார்த்துக்கறது கூட ஒரு வேலைதான், அதுல கத்துக்க நிறைய இருக்கு.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு வீடாப் போய் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்கறீங்க. நல்ல திட்டம், எங்க அம்மாவுக்கும் அதுலதான் மாத்திரை வருது. டிகிரி முடிச்சுட்டு நீட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைங்களை ஒரு மூணு மாசம், ஒரு சின்ன உதவித்தொகை கொடுத்து, அந்தம்மாக்களோட கூட அனுப்பக் கூடாதா? சீட்டுக்கு மார்க் கொடுக்க வேண்டாம். போய்ப் பார்த்துட்டு வரட்டும்.

பெரியவ அடுத்த மே மாசம் மறுபடி எழுதுவாளா, இல்ல வேற படிப்புக்குப் போவாளா, இன்னும் முடிவு பண்ணல. நானும் கேட்கல. இந்த வாரம் அவளுக்கு நைட் டூட்டி. மச்சான் ஊருக்குக் கிளம்பும்போது அவ எழுந்து வந்து வழியனுப்பினா. "என்னம்மா, அடுத்து என்ன பண்ணப் போறே?"ன்னார்.

"ஆறு மணிக்கு டூட்டி மாமா"ன்னா.